நிவந்தம் எழுதாத வண்டி

(திருமுக்கூடலில் பார்வேட்டைத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு மாலை, ஊர் மக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மேடைக்கு வரும் வழியில் ஒரு அம்மா என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடிச்சிடுவீங்கல்ல?" முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பேருந்துப் பணிமனைகளில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அந்த வாக்கை மீறினால் என் தொழிலுக்கே துரோகம்.

அந்த அம்மா கேட்டது சின்னக் கேள்வி. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் கல்யாண வரவேற்போ, சாவு வீடோ, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்த்து வருவதோ, எல்லாம் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று விதிப்பது கடைசி பஸ்தான். அந்தக் கடைசி பஸ்ஸுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? டிக்கெட் வாங்குகிற நாம்தானே என்று தோன்றும். இல்லை. டிக்கெட் காசில் ஓடுகிற கடைசி பஸ்ஸை என் பணிக்காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. அப்படியானால் அது எப்படி ஓடுகிறது, ஏன் சில ஊருக்கு ஓடுவதில்லை, ஓடுகிறதை எப்படி நிலைக்கவைப்பது? இதைத்தான் பேச வந்தேன்.

இதற்குப் பாடப்புத்தகம் தேடி நான் எங்கும் போகவில்லை. உங்கள் கோயில் சுவரிலேயே இருக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்த இடத்துக்கு, போன வாரம் காஞ்சி வரதர் பழையசீவரம் வழியாக வந்து போனார். ஐந்து ஊர்ப் பெருமாள்கள் கூடினார்கள். அந்தக் கூட்ட நெரிசலில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டை யாரும் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். வீரராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1068ஆம் ஆண்டு வாக்கில் வெட்டியது. இங்கே ஒரு கல்லூரி இருந்ததையும், மாணவர் தங்கும் விடுதி இருந்ததையும், பதினைந்து நோயாளிகள் படுத்துச் சிகிச்சை பெறும் ஆதுலசாலை இருந்ததையும் அது சொல்கிறது. மருத்துவர்கள் இதைப் படித்தால் அதிலுள்ள மருந்துப் பட்டியலைப் பார்த்து வியப்பார்கள். வரலாற்றாசிரியர்கள் அரசனின் மெய்க்கீர்த்தியைப் பார்ப்பார்கள். நான் கணக்கன். சம்பளப் பட்டியலைப் பார்த்தேன்.

வைத்தியம் பார்த்த கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து வருகிற இருவருக்குச் சேர்த்து 60 கலம் நெல், 2 காசு. மருந்து கொடுத்துக் கவனிக்கிற இரண்டு பெண்களுக்குச் சேர்த்து 30 கலமும் ஒரு காசும். நாவிதருக்கு 15 கலம். இது போதாதென்று, மாணவர்கள் சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் எவ்வளவு, நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில் இரா முழுவதும் எரிகிற விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்பது வரை எழுதியிருக்கிறது. கோயிலின் மற்றச் செலவுகளையும் சேர்த்து ஆண்டுக்கு மூவாயிரம் கலத்துக்கு மேல் நெல், இருநூறு காசுக்கு மேல் பணம். இந்தச் செலவுக்கு வருவாய் எங்கிருந்து? அதையும் எழுதிவிட்டார்கள். வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய்.

இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நிவந்தம். இன்ன காரியத்துக்கு, இன்ன ஊரின் வரவிலிருந்து, இன்னாருக்கு இவ்வளவு என்று ஒதுக்கி எழுதிவைப்பது. நான் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படுத்திருக்கிற நோயாளியிடம் தலைக்கு இத்தனை காசு வாங்குவது என்ற வரி அதில் எங்கும் இல்லை. அவரை நம்பி வைத்தியருக்குச் சம்பளம் வைக்கவில்லை. நோயாளி பதினைந்து பேர் வந்தாலும் மூன்று பேர் வந்தாலும் வைத்தியருக்கு 90 கலம். விளக்கு எரியும்.

இப்போது நம் பஸ்ஸுக்கு வருவோம்.

சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஆளுக்குக் கட்டணம் 58 காசு. 2011 நவம்பரில் 28 காசிலிருந்து 42 காசானது. 2018 ஜனவரியில் 60 காசாக்கினார்கள். ஊரெங்கும் போராட்டம் எழுந்ததும் இரண்டு காசு குறைத்து 58இல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஏற்றவில்லை. ஏற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள். கணக்கை மட்டும் பாருங்கள்.

ஐம்பது பேர் உட்கார்ந்த வண்டி. ஒருவர்கூட நடுவில் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது தடவை 58 காசு, கிலோமீட்டருக்கு 29 ரூபாய். பாதி வண்டி காலி என்றால் பதினான்கரை ரூபாய். டீசல் லிட்டர் சுமார் 92 ரூபாய். லிட்டருக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் போகிற வண்டிக்கு டீசல் மட்டுமே கிலோமீட்டருக்கு 17, 18 ரூபாய். ஆக, பாதி நிறைந்த வண்டி தன் டீசலுக்கே சம்பாதிக்கவில்லை. டிரைவர், கண்டக்டர் சம்பளம் அதற்கு மேல். டயர், மெக்கானிக், உதிரிப் பாகம், வண்டி வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் அதற்கும் மேல். கட்டணத்தை நிறுத்திய 2018 ஜனவரியில் டீசல் லிட்டர் 65 ரூபாய் வாக்கில் இருந்தது. டிக்கெட் அங்கேயே நிற்கிறது. டீசல் நடந்துகொண்டே இருக்கிறது.

"அப்ப பிரைவேட் பஸ் மட்டும் எப்படி சார் ஓட்டுறாங்க?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். நல்ல கேள்வி. அவர் காஞ்சிபுரம் – செங்கல்பட்டு மாதிரி ஆள் ஏறுகிற ரோட்டில், ஆள் ஏறுகிற நேரத்தில் ஓட்டுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏரிக்கரை மேல் நாலு பேரோடு போகிற நடையை அவரிடம் கேளுங்கள். பெர்மிட்டையே திருப்பிக் கொடுத்துவிடுவார். அது அவர் தப்பும் இல்லை. டிக்கெட்டை மட்டும் நம்புகிற எந்த வண்டியும் ஆள் இருக்கிற பக்கம்தான் சாயும்.

சாயக்கூட இடமில்லாமல் நின்றுபோன கதை ஒன்று சென்னையில் உண்டு. 1895இல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். நடத்தியது தனியார் கம்பெனி. போட்டிக்கு பஸ் வந்தது. செலவு ஏறியது, வசூல் அதற்கு ஈடாக ஏறவில்லை. 1953 ஏப்ரலில் கம்பெனி கையை விரித்தது. டிராம் போயே போய்விட்டது. ஐம்பத்தெட்டு வருடம் ஊரையே சுமந்த வண்டிக்கு நிவந்தம் எழுத ஆள் இல்லை.

1972இல் தமிழ்நாடு வேறு வழி எடுத்தது. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பிறகு அவை கிளை விட்டன. காஞ்சிபுரத்துக்கே தனியாக ஒரு கழகம் இருந்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1997இல் மன்னர்கள், தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. நம் மண்டலம் இப்போது விழுப்புரம் கோட்டத்தில் இருக்கிறது. அன்றைக்குச் செய்த பெரிய காரியம், லாபத் தடத்தையும் நட்டத் தடத்தையும் ஒரே பையில் போட்டதுதான். சென்னை ரோட்டில் வருகிற வசூல் ஏரிக்கரை பஸ்ஸுக்குச் சோறு போட்டது. இதற்குக் கல்வெட்டு கிடையாது. ஆனாலும் அதுவும் ஒரு வகை நிவந்தம். பட்டணத்து வண்டி கிராமத்து வண்டிக்கு எழுதியது.

அந்தப் பை இப்போது தானாக நிறைவதில்லை. அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசல் டிக்கெட். அதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, அரசின் மானியம். 2021 மே 8ஆம் தேதி முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஆண்டு இதற்காக அரசு சொன்ன தொகை 1,200 கோடி ரூபாய். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அதுவே 3,600 கோடி. மாணவர் பாஸுக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி. மூன்றையும் கூட்டினால் 7,239 கோடி. கண்டக்டர் ஒரு அம்மாவுக்குக் காசு வாங்காமல் சீட்டுக் கிழிக்கிறாரே, அது வெறும் காகிதம் இல்லை. இந்தக் கோடிகளின் ரசீது. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று சொன்னது. நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துகிற வீட்டில் 888 ரூபாய் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. டிக்கெட் இலவசம் என்பது வேறு, பஸ் இருப்பது வேறு. ஒரு நாளைக்கு இருபது நடை டவுன் பஸ் போகிற ஊர்ப் பெண்ணுக்கு 888 ரூபாய் மிஞ்சும். இரண்டே நடை போகிற ஊர்ப் பெண் பாதி நாள் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். மானியம் பயணி ஏறினால்தான் உயிர் பெறுகிறது. பஸ் வராத ஊரில் யார் ஏறுவது? கட்டணத்துக்கு நிவந்தம் எழுதிவிட்டோம். நடைக்கு இன்னும் எழுதவில்லை.

மூன்றாவது வாசல், கடன். புது வண்டி ஒன்று நாற்பது லட்ச ரூபாய்க்கு அருகே வரும். கையில் உள்ள காசில் அதை வாங்க முடியாது. இதற்காகவே 1975இல் தமிழ்நாடு போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். டி.டி.எஃப்.சி. என்பார்கள். ரிட்டயர் ஆனவர்கள் அதில் வைப்புத்தொகை போடுவார்கள். அது வட்டி கொடுக்கும். அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கடனாகத் தரும். நீங்கள் ஏறிய பஸ் ஏதோ ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் சேமிப்பில் வாங்கியதாக இருக்கலாம். இப்போது பெரிய அளவில் வெளியிலிருந்தும் கடன் வருகிறது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் முதல் கட்டமாக 2,213 பி.எஸ்.-6 பேருந்துகளும் 500 மின்சாரப் பேருந்துகளும் வாங்கத் திட்டமிட்டார்கள். சென்னைக்கு உலக வங்கி உதவி. கடன் தப்பில்லை. பாவு வாங்கக் கடன் வாங்காத தறி உண்டா? ஆனால் கடன் வண்டி வாங்கத்தான் உதவும். தினம் ஓட்டுகிற செலவுக்குக் கடன் வாங்கினால், அடுத்த வருடம் வட்டி கட்ட ஒரு நடையை வெட்ட வேண்டிவரும்.

வெட்டுவது என்றதும் என் பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம், பணிமனை பெயரும் வேண்டாம். இந்த மாவட்டம் இல்லை.

எங்கள் தொழிலில் இ.பி.கே.எம். என்று ஒரு சொல் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற கணக்கு. ராத்திரி டிரிப் ஷீட்டும் பணமும் வந்ததும், ஒவ்வொரு நடைக்கும் அதைப் போட்டு, குறைவானதைச் சிவப்பு மையில் வட்டமிடுவது என் வேலை. ஒரு கிராமத்துக்கு நைட் ஹால்ட் வண்டி ஒன்று இருந்தது. இரவு ஒன்பதேகாலுக்கு ஊருக்குள் போய் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் படுப்பார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். இரவு நடையில் ஏழெட்டுப் பேர்தான். மூன்று மாதம் தொடர்ந்து வட்டமிட்டேன். வண்டியை டவுனிலேயே நிறுத்தச் சொல்லிக் குறிப்பு எழுதியதும் நான்தான். குறிப்பு மேலே போனது, கையெழுத்தாகி வந்தது, வண்டி நின்றது. டீசல் மிச்சம், படி மிச்சம். எனக்கு ஒரு சபாஷும் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, காலையில் அந்தப் பக்கமிருந்து வருகிற நடைகளிலும் வசூல் இறங்க ஆரம்பித்தது. எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் பணிமனை வாசலில் பூக்காரம்மா ஒருவர் காவலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ராத்திரி வீட்டுக்குப் போக வண்டி இல்லேன்னா காலையில நான் எதுக்குய்யா வரணும்?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் என் பேரேட்டைப் புரட்டிப்போட்டது. காலையில் நிறைந்து வந்த வண்டி, இரவில் காலியாகப் போன வண்டியை நம்பித்தான் நிறைந்திருக்கிறது. திரும்பப் போக வழி உண்டு என்ற தைரியத்தில்தான் அவர்கள் காலையில் ஏறினார்கள். அந்த வண்டி நின்ற பிறகு வேலையை விட்டவர்கள் சிலர். டவுனில் வாடகைக்கு அறை எடுத்தவர்கள் சிலர். கடன் வாங்கி மொபெட் எடுத்தவர்கள் சிலர். என் சிவப்பு வட்டம் ஒவ்வொரு நடையையும் தனித்தனியாக நிறுத்தி விசாரித்தது. பயணி அப்படி வாழவில்லை.

உங்களுக்குத் தெரிந்த சொல்லில் சொல்கிறேன். காஞ்சிபுரம் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து வருவது கோர்வை. கோர்வைக்காகவே கூட ஒரு ஆள் தறியில் உட்கார வேண்டும். அவருக்குக் கூலி தனி. கூலி மிச்சம் என்று அந்த ஆளை எழுப்பிவிட்டால் உடம்பும் இருக்கும், கரையும் இருக்கும், புடவை இருக்காது. நைட் ஹால்ட் வண்டி கோர்வைக்காரர் மாதிரி. அந்த வண்டியை மறுபடி விடச் சொல்லி நானே குறிப்பு எழுதினேன். வெட்டுவதற்கு ஒரு வாரம் ஆனது. திரும்ப விட ஒன்றரை வருடம் ஆனது.

இதனால்தான் மினி பஸ் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை. 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது. பஸ் போகாத கிராமத்துக்குச் சிறிய தனியார் வண்டி. அருமையான எண்ணம். ஆனால் வண்டிக்காரருக்கு வருமானம் டிக்கெட் மட்டும். கொஞ்ச காலத்தில் பல வண்டிகள் உள்கிராமத்தை விட்டுவிட்டு மெயின் ரோட்டுப் பகுதியிலேயே சுற்றின. பல நின்றே போயின. இப்போது புதிய விரிவான மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன் 16ஆம் தேதி தஞ்சாவூரில் தொடங்கியிருக்கிறார்கள். 25 கிலோமீட்டர் வரை தடம், அதில் குறைந்தது 65 விழுக்காடு பஸ் வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் அந்த 65 விழுக்காட்டில் ஓடுகிற கிலோமீட்டருக்குச் சம்பளம் எழுதவில்லை. மூன்று பேர் வந்தாலும் வைத்தியருக்கு 90 கலம் என்று எழுதியது உங்கள் ஊர்க் கல்.

அந்த மாதிரி எழுதுகிற முறை நம் மாநிலத்திலேயே ஒரு இடத்தில் வந்துவிட்டது. 2025 ஜூன் 30ஆம் தேதி சென்னை வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள். வண்டி தனியார் நிறுவனத்தினுடையது, ஓட்டுநரும் அவர்கள் ஆள். கண்டக்டரும் டிக்கெட் பணமும் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. வண்டி ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கும். ஆள் ஏறினாரா இல்லையா என்பது வண்டிக்காரர் கவலை இல்லை. நேரத்துக்கு ஓட்டுவதுதான் அவர் வேலை. இதில் தனியாரை விடலாமா என்ற சண்டை இருக்கிறது. தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, அந்தக் கவலையில் நியாயம் உண்டு. நான் பார்ப்பது, பணம் கொடுக்கிற முறையை. யார் ஓட்டினாலும் சரி, கிலோமீட்டருக்குக் கூலி என்று எழுதினால் ஏரிக்கரை நடைக்கும் மெயின் ரோட்டு நடைக்கும் ஒரே மரியாதை. இந்த யோசனை முதலில் தேவைப்படுவது சென்னைக்கா, நம் மாதிரி ஊருக்கா?

சரி, கூலி எழுதலாம். வயலைக்காவூர் எது? வருவாய்க்கு எங்கே போவது?

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். பிரான்ஸில் பாரிஸ் வட்டாரத்தில் 1971இல் ஒரு வரி போட்டார்கள். பயணிக்குப் போடவில்லை, முதலாளிக்குப் போட்டார்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற நிறுவனம், கொடுக்கிற சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். பதினோரு பேருக்குக் குறைவாக வைத்திருக்கிற சின்னக் கடைக்கு இப்போது அது கிடையாது. உன் தொழிற்சாலை வாசலுக்கு ஆள் வந்து சேர்கிறது என்றால் அந்த வண்டியால் லாபம் உனக்கும் உண்டு என்பது வாதம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2008இல் மக்களிடமே வாக்குக் கேட்டது. நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஐம்பது காசு போக்குவரத்துக்குக் கூடுதல் வரி, சம்மதமா? மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால்தான் சட்டம் ஆகும். ஆனது. 2016இல் இன்னொரு ஐம்பது காசுக்கும் சம்மதித்தார்கள். என்ன பாதை, எந்த ஊருக்கு என்று முன்கூட்டியே பட்டியலைக் காட்டிக் கேட்டதால் கிடைத்த சம்மதம் அது. ஹாங்காங்கில் ரயில் நிலையம் வந்ததும் நிலத்தின் விலை ஏறுகிறது அல்லவா, அந்த ஏற்றத்தில் ரயில் நிறுவனமே பங்கு எடுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனால் பாரிஸ்காரர்களின் யோசனை நம் வாசலில்தான் நிற்கிறது. விடியற்காலையில் வாலாஜாபாத் ரோட்டில் நின்று பாருங்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. உங்கள் பிள்ளைகள்தான் அதில் போகிறார்கள். ஆக, முதலாளிகள் ஏற்கெனவே போக்குவரத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டி ஷிஃப்டுக்கு மட்டும் வரும். கையில் அடையாள அட்டை இல்லாதவர் ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிக்கு முன்னால் பாதி காலியாகக் கடந்து போகும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பொதுப் பேருந்துக்கு வந்தால், ஷிஃப்டு வண்டியே மீதி நேரத்தில் ஊர் வண்டியாகவும் ஓடலாம். தொழிற்பேட்டையின் வருவாயில் ஒரு சிறு பங்கு, சுற்றியிருக்கிற கிராமங்களின் நடைக்கு. வயலைக்காவூரை நான் தேடுவது அந்தப் பக்கம்தான்.

தொழிலாளி பணத்தில் பெரிய காரியம் நடந்ததற்கு நம் போக்குவரத்துக் கழகங்களே சாட்சி. ஈரோட்டில் சாலைப் போக்குவரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியும் பெருந்துறையில் மருத்துவக் கல்லூரியும் போக்குவரத்துக் கழகங்களின் வழியாகத்தான் எழுந்தன. போக்குவரத்துத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள் ஆஸ்பத்திரி எழுப்பிய மாநிலம் இது. ஆஸ்பத்திரி நடத்திய ஊரில் நின்று பஸ் கேட்பது பேராசை ஆகாது.

இனி உங்கள் பங்கு. பஸ் வேண்டும் என்று மனு கொடுக்காத கிராமம் இல்லை. அந்த மனுக்களைப் பல வருடம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி; கீழே நூறு கையெழுத்து. அதை வைத்துக் கிளை மேலாளர் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு உபரி வண்டி கிடையாது. உங்களுக்கு ஒரு நடை தர, வேறொரு ஊரின் நடையைத்தான் வெட்டுவார். புதுத் தடம் என்று கொடியசைத்துத் தொடங்குவதில் பெரும்பாலானவை பழைய தடத்தை நாலு கிலோமீட்டர் நீட்டியதுதான்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடவோலை முறையைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூர் பக்கத்தில்தான் இருக்கிறது. கூடிப் பேசி எழுதிவைப்பது இந்தச் சீமைக்குப் புதிது இல்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை வேறு மாதிரி எழுதுங்கள். காலை ஆறுக்கு எத்தனை பேர், எங்கே போகிறார்கள்? எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை? நெய்த புடவையைக் கொடுத்துவிட்டுப் பாவு வாங்கி வரச் சங்கத்துக்குப் போகிறவர்கள் எந்தக் கிழமை, எந்த நேரம்? இரவு எத்தனை மணி வரை ஆள் திரும்புகிறது? கடைசியாக, இப்போது பஸ் இல்லாததால் போகாமல் இருப்பவர்கள் யார் யார்? அந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த டிக்கெட் மெஷினிலும் பதில் கிடையாது. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. இதோடு, இந்த நடைக்கு இத்தனை கிலோமீட்டர், இதற்கான தொகையை இன்ன தலைப்பில் ஒதுக்கித் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு நகல், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று. வண்டி கேட்டால் கொடியசைத்துவிட்டுப் போவார்கள். நிவந்தம் கேட்டால் கணக்கு எழுத வேண்டிவரும். எழுதிய கணக்கை அழிப்பது கொஞ்சம் கஷ்டம். கணக்கன் சொல்கிறேன், நம்புங்கள்.

நேரம் ஆகிறது. அந்த அம்மா கையில் பையை எடுத்துவிட்டார். நான் அதைக் கவனித்துவிட்டேன்.

கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த செலவு, இரவு விளக்குக்கான எண்ணெய். பதினைந்து பேரும் தூங்கிவிட்ட பிறகும் அந்த விளக்கு எரியும். அன்றைக்கு இ.பி.கே.எம். பார்க்கிற என் போன்ற ஒருவன் இருந்திருந்தால், யாருமே பார்க்காத விளக்குக்கு எதற்கு எண்ணெய் என்று சிவப்பில் வட்டம் போட்டிருப்பான். நடுராத்திரி ஒருவர் தண்ணீருக்குத் தடவுகிற அந்த ஒரு நிமிடம் அவன் பேரேட்டில் வராது. எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் நெல்லோடும் காசோடும் எண்ணெயையும் எண்ணி எழுதினார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. பஸ்தான் என்று நினைக்கிறேன். போய் ஏறிக்கொள்ளுங்கள், அம்மா. எத்தனை பேர் ஏறினீர்கள் என்று மட்டும் எண்ணிவையுங்கள். பட்டியலின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.